மூத்தோர் இழப்பும் இளையோர் ஊதியமும்

ஒரு வயிற்றில் பிறந்து, ஓர் உலைச் சோறுண்டு வளர்ந்தவரிடையேயும் பிற்காலத்தில் தொழிலும் ஊதியமும் ஒத்திருப்பதில்லை. ஒருவர் உயர் அலுவலராகிறார்; மற்றவர் கடைக் கணக்கு எழுதுகிறார். இவ்வேறுபாடு முழுவதையும் அவரவர் அறிவின் அளவாகவே கொள்ளலாமா?

புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியின் சிறப்பைப் பாடினான். ஒரு குடியில் வயதால் மூத்தவனைவிட அறிவால் சிறந்தவனுக்கே மதிப்பு என்பது அவன் முடிவு. உயர்ந்த முடிவுதான். எனினும், அவ்வறிவைப் பெறும் வாய்ப்பு உடன்பிறந்தார் அனைவர்க்கும் ஒப்பக் கிடைத்ததா என்னும் வினா அதற்கு முன்னரே எழுகிறது.

பிள்ளைகள் மிகுந்த வீட்டில் கல்வி குறையும் என்பது பொதுக் கருத்து. நார்வே நாட்டு மக்களைப் பற்றிய பதிவேடுகளை ஆராய்ந்து, பிளாக், டெவரோ, சால்வனெஸ் என்னும் பொருளியல் அறிஞர் மூவர் 2005இல் தம் முடிவை வெளியிட்டனர். பிறப்பு வரிசையைக் கணக்கிற் கொண்டதும், பிள்ளைகளின் எண்ணிக்கையால் விளையும் வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. தலைப்பிள்ளைகள் மிகுதியாகக் கற்றனர். பின்வந்தோர் படிப்படியே குறைவாகக் கற்றனர். அக்குறை ஊதியத்திலும் தொடர்ந்தது.

ஆனால், ஈக்வடார் நாட்டை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரை இதற்கு நேர்மாறானது. அங்கே பின்தங்கியோர் மூத்த பிள்ளைகளே. எனவே, பிறப்பு வரிசை தலைவிதி அன்று. வீட்டின் பொருளும் பெற்றோரின் பொழுதும் எவர்க்கு எப்போது கிட்டின என்பதே பெரிது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறிய தலைமகன்கள் எத்துணைப் பேர்! மேற்படிப்பைத் துறந்து அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய மணியார்டரில் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் திருமணமும் நிறைவேறின. அவர்களையாவது ஊர் புகழ்ந்தது. தொட்டிலாட்டுவதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மூத்த மகளைப் புகழ்ந்தவர் யார்? அவள் இசைவைக் கேட்டவர்தாம் யார்?

மூத்தோர் கைம்மாறு கருதாமற் செய்தனர். ஆதலின் கடன் ஏதுமில்லை என்பர் சிலர். கொடுத்தவர் கணக்கு வையாமை அவர் பெருமை. பெற்றவர் கணக்கை மறத்தல் அவர் சிறுமை. அன்றியும், கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டது கொடையாகுமா? மருத்துவராகவோ பொறியாளராகவோ உயர்ந்த இளையவர் தம் ஊதியத்தை எண்ணும்போது, அதில் தம் உழைப்போடு அக்காள் படியாத பாடங்களும் அடங்கியுள்ளன என்பதை எண்ணுதல் வேண்டும். முதுமையில் அவளைத் தாங்குவதும் அவள் மக்களைக் கற்பிப்பதும் உதவி அல்ல. கடன் தீர்த்தலே ஆகும்.