அவர்கள் இடம்

சுடலையில் ஆடுகிறவனைச் சாமி என்று கும்பிடுகிறவன் இடுகாட்டு மண்ணில் குடியிருக்க அஞ்சலாமா? சிங்கப்பூரின் பீஷானில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு எடுத்தபோது மாமியாரிடம் இப்படித்தான் வாதாடினேன். அவர் மசியவில்லை. “பயம் கெடக்கட்டும் மாப்பிள்ளை. செத்தவங்களோட பிள்ளைங்க சம்மதிச்சாங்களா?” என்றார்.

பீஷானுக்கு முன்பு அங்கே இருந்தது பெக் சான் தெங் இடுகாடு. 1870இல் கண்டோனிய, ஹக்கா மக்கள் அமைத்தது. 1973இல் அங்கே புதைப்பது நின்றது. 1979இல் அரசு நிலத்தை எடுத்தது. எண்பதுகளில் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அப்புறப்படுத்தினார்கள். அந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் எம்ஆர்டி ரயில் நிலையமும் எழுந்தன. இடுகாட்டை நடத்திய சங்கத்தார் பேசிப் பெற்றது 8 ஏக்கர். அஸ்தி மாடம் இருப்பது அதில்தான்.

அரசின் அவசரம் பொய்யல்ல. 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்தபோது ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீவக பிறந்திருந்தது. தீவோ சின்னது. 1966இன் நில எடுப்புச் சட்டம் இல்லாமல் புறநகர்கள் இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது.

உடல் நிலையாது என்பது இந்துக்களான எங்களுக்குப் பாலபாடம். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுகிறோம். சீனர்கள் முன்னோரை வழிபடும் சிங் மிங் நாளில் அப்பாவின் கல்லறையைக் கூட்டிப் பெருக்கிப் படையல் வைக்கிறவருக்கோ அந்த மண்தான் உறவு. 1998இல் வந்த விதிப்படி கல்லறைக்கு ஆயுள் 15 ஆண்டு, பிறகு தோண்டலாம். எரிக்கச் சம்மதிக்கும் மதத்தாருக்கு எரியூட்டல், மற்றவர்களுக்குச் சிறிய குழியில் மறுபடி அடக்கம். சட்டம் மதங்களைக் கேட்டுத்தான் நடந்தது. கெடுவை மட்டும் தானே வைத்தது.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளும்வரை நிலையாமை ஞானம். அடுத்தவர் அப்பாவின் எலும்பைக் காட்டி அதையே சொன்னால் அது வெறும் உத்தரவு. என் வீடும் 99 வருடக் குத்தகைதான். கெடு முடிந்து வெளியேறச் சொல்லும்போது என் பேரப்பிள்ளைகளிடம் யாரும் வேதாந்தம் பேசினால் அவர்களுக்குக் கோபம் வராதா?

கூரையில்லாதவனுக்கு வீடு கிடைத்ததால் அன்று எடுத்ததை நியாயம் என்றே ஏற்கிறேன். ஆனால் நியாயமாக வாங்கியதும் கடன்தான். சிங் மிங் சமயத்தில் பெக் சான் தெங் பக்கம் வண்டிகள் தேங்கும்போது முணுமுணுக்கிற அண்டைவீட்டாரிடம் சொல்வதும் இதுதான்: கொஞ்சம் பொறுங்கள், அவர்கள் இடத்தில்தான் நாம் குடியிருக்கிறோம்.