பவர் சட்டரும் விதியும்

பழைய டொல்பின் வானில் பவர் சட்டர் இறங்காவிட்டால், பொத்தானை அழுத்திவிட்டுக் காது கொடுக்கவேண்டும். மோட்டர் இரைந்தும் கண்ணாடி அசையவில்லையென்றால் பழுது அதை ஏற்றியிறக்கும் பொறியில். சத்தமில்லை, ஆனால் அழுத்துகையில் உள்விளக்கு மங்குகிறதென்றால் மின்சாரம் மோட்டர்வரை போகிறது. மோட்டரோ, செம்புழுதி அடைத்த கண்ணாடித் தடமோ இறுகிக் கிடக்கிறது. எல்லாச் சட்டர்களும் ஒன்றாக நின்றால் பெரும்பாலும் பியூஸ். ஒன்று மட்டுமென்றால் அந்தக் கதவின் சுவிட்ச், மோட்டர், அல்லது கதவு மடியும் இடத்தில் அறுந்த வயர். சந்தேகமான சுவிட்சைக் கழற்றிவிட்டு, வேலைசெய்யும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதும் உண்டு. ‘இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை’ என்று தர்க்க நூலார் அந்நுவயமும் வெதிரேகமும் பேசியது இந்த வேலையைத்தான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் இறை, உயிர், தளை பற்றி விரித்துரைக்குமுன் அளவையை எடுத்துக்கொண்டு, காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் மற்ற அளவைகளை அடக்கினார். சமயம் பேச வந்தவர் முதலில் அறியும் வழியைப் பேசியது சும்மா அல்ல.

கராச்சிலும் கோயில் வாசலிலும் இன்னொரு விடை கேட்கும்: எல்லாம் விதி. அது பொய் என்பதல்ல என் வாதம். ஏறுகிற சட்டருக்கும் ஏறாத சட்டருக்கும் ஒருபோலப் பொருந்துகிற விடை, ஏறாததற்குத் தனிக் காரணமாக முடியாது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்ற சித்தாந்தத்தில் ஒரு காரணம் மற்றதை விழுங்குவதில்லை. அப்படியானால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஏ9 வீதியில் போகும் வாகனங்கள் நின்று தேங்காய் உடைப்பது எதற்கு என்று கேட்கலாம். அங்கே கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்படும் சாரதி பிரேக்கை மறந்து ஓட்டுவதில்லை. காரணங்களிலிருந்து விலக்குக் கேட்பதல்ல அந்தக் கும்பிடு. எதிர்ப்பக்கத்தில் காண்டலை மட்டும் ஏற்கும் உலோகாயதர், அறுந்த வயரைக் கண்ணால் காணும்வரை கருதலை நம்பமாட்டேன் என்பார். ஐயப்படுபவனின் செயலே ஐயத்தை மறுக்கும் எல்லைவரைதான் ஐயம் செல்லும் என்பது நியாய குசுமாஞ்சலியில் தர்க்க நூலாசிரியர் உதயணர் தரும் பதில். கருதலை நம்பாதவரும் சட்டரை இறக்கப் பொத்தானைத்தானே அழுத்துகிறார்!

வன்னியிலிருந்து எழும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்த சனத்துக்கு விதி என்பது ஓர் ஆறுதல். அதைப் பறிக்க எவருக்கு உரிமை? எவருக்கும் இல்லை. ஆனால் ஆறுதல் வேறு, காரணம் வேறு. மனிதர் செய்ததற்கு விதியைக் காரணமாக்கினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சாமியின் வாசலில் இருந்துகொண்டே அவர்கள் கேள்வியை அரசிடம் கேட்டார்கள்: நாங்கள் கையளித்த பிள்ளைகள் எங்கே? மரணச் சான்றிதழும் இழப்பீடும் பேசப்பட்டபோது பலர் அவற்றை ஏற்க மறுத்தார்கள். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவை இரண்டும் விடையல்ல.