புகை இல்லாத நெருப்பு

விமானக் கணினிகளின் மென்பொருளைச் சரிபார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் ஆவணத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு: இன்ன நிலையில் மென்பொருள் இன்னதைச் செய்தாக வேண்டும். ரெக்வயர்மெண்ட் என்போம். பிழைத்தால் விமானமே போய்விடும் என்கிற 'லெவல் ஏ' மென்பொருளுக்கு டிஓ-178சி தரநிலை 71 இலக்குகளை வைத்திருக்கிறது. எல்லாம் தேறினால், எழுதியபடி மென்பொருள் நடக்கிறது என்று கையெழுத்துப் போடலாம். எழுதியது உலகத்தோடு ஒத்துப்போகிறதா? அது தர்க்க சாஸ்திரத்தின் கேள்வி.

1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்று மழையில் இறங்கியது. வலது சக்கரங்கள் முதலில் ஓடுபாதையைத் தொட்டன. இடது சக்கரங்கள் தொட ஏறக்குறைய 9 விநாடி ஆயிற்று. இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர்கள் விரிய வேண்டுமானால், இரண்டு பிரதான கால்களிலும் தலா 6.3 டன் எடை விழ வேண்டும். இல்லையேல் சக்கரங்கள் மணிக்குச் சுமார் 133 கிலோமீட்டர் வேகத்தில் சுழல வேண்டும். தண்ணீரில் வழுக்கிய சக்கரங்கள் அப்படிச் சுழலவில்லை. இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருந்ததால் எடை விழவில்லை. எடை விழாததால் தூக்கலைக் குறைக்க ஸ்பாய்லர் உரிய நேரத்தில் விரியவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி மண்மேட்டில் மோதியது. இருவர் இறந்தனர். விசாரணை அறிக்கை விமானிகளின் முடிவுகளையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. மென்பொருளோ எழுதியபடி அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டது.

நிபந்தனை வீண் என்று சொல்லிவிட முடியாது. 1991 மே மாதம் தாய்லாந்து வானில் லவுடா ஏர் போயிங் 767-இல், எஞ்சினின் உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பும், தரையில் மட்டுமே திறக்க வேண்டிய ரிவர்ஸர் பறக்கும்போதே திறந்துகொண்டதில் 223 பேர் மாண்டார்கள். வானத்தில் திறக்கக் கூடாததைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

ஆனால் கணினிக்குத் தரை தெரியாது. தரையின் அடையாளங்கள்தான் தெரியும். அடையாளத்திலிருந்து பொருளை அறிவது அனுமானம். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்பது செல்லாது. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் படித்தவர்களுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு நினைவிருக்கும்: நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு என்ற உபாதி, அதாவது சொல்லாமல் விட்ட கூடுதல் நிபந்தனை, வேண்டும். எடை இருந்தால் தரை உண்டு, சரி. தரை இருந்தால் எடை உண்டு என்பதிலோ இறக்கை தூக்குவதை விட்டிருக்க வேண்டும் என்ற உபாதி ஒளிந்திருக்கிறது. வார்சாவில் அது வெளிப்பட்டது.

'சொன்னதைச் செய்தேன்' என்ற சமாதானம் இயந்திரத்துக்குப் போதும். எழுதியவருக்கும் சரிபார்த்தவருக்கும் போதாது. சான்றிதழ் வாக்கியத்துக்குக் கீழ்ப்படிந்ததற்குத்தான் சாட்சி. வாக்கியத்தின் உண்மைக்கு மனிதர்கள்தான் பொறுப்பு.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் எழுதும் முன் ஒவ்வொரு ரெக்வயர்மெண்டையும் திருப்பிப் போட்டுப் படியுங்கள். பொருள் இருந்தும் அடையாளம் வராத நிலை ஒன்று அகப்பட்டால், கையெழுத்துப் போடாமல் எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் வேலை இல்லை என்பார்கள், அனுப்புங்கள்.