இரக்கமும் பொறையும்: ஒரு முப்புதினத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இங்கிலாந்து எழுத்தாளர் ஜோ ஆபர்குரோம்பியின் 'தி ஃபர்ஸ்ட் லா' என்னும் முப்புதினம் 2006 முதல் 2008 வரை வெளிவந்தது. மாயமும் போரும் விரவிய இருண்ட மிகுபுனைவு வகையைச் சார்ந்தது இது. ஒருவனது துன்பத்தை அறிதல் அவன் இழைத்த கொடுமையைப் பொறுத்தலாகுமா என்பது இதன் மூன்றாம் நூலை முடித்தபோது எழுந்த வினா.

வினாவை எழுப்புபவன் சாண்ட் டான் குளோக்டா. வாட்போட்டியில் வென்று புகழ்பெற்ற படைத்தலைவனாகிய இவன், பகைவரான குர்கிஷ் பேரரசின் சிறையில் ஈராண்டு வதைக்கப்பட்டு உடல் சிதைந்து மீள்கின்றான். மீண்டவன் தன் நாட்டில் பிறரை வதைத்து வாக்குமூலம் பெறும் அதிகாரியாகின்றான். பற்கள் பறிக்கப்பட்டமையால் மெல்ல இயலாது. ஒவ்வொரு படிக்கட்டும் அவனுக்குப் பகை. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் நிலைக்களனாக்குவார். மென்மையை வலியின்மை எனக் கொள்ளின், நான்கும் முதுமை எய்தாத இவ்வோர் உடலில் ஒருங்கே அமைந்துள்ளன எனலாம். அவ்விளிவரலோடு தன்னையே எள்ளும் நகையும் சேர்கின்றது. அவன் பிறரிடம் பேசும் சொற்களுக்கு இடையிடையே மனத்துள் எண்ணுவது சாய்வெழுத்தில் வருகின்றது. இதை ஏன் செய்கிறேன் என அவன் தன்னையே பலமுறை வினவுகின்றான், விடை கிடைப்பதில்லை. எனினும் அவ்வினாவே கழுவாய்போல் வாசகனுக்குத் தோன்றிவிடுகின்றது. இங்குதான் இடர் உள்ளது.

முதல் நூலில் அவன் வதைக்கும் வணிகன் சேலம் ரூஸ். முன்னரே அறிமுகமானவன். அவனது அலறலைக் கேட்கிறோம், மனத்தைக் கேட்பதில்லை. அவன் நோக்கில் ஓர் இயல்தானும் இல்லை. மூன்றாம் நூலில், கணவனாகிய அரசனை வெறுக்கும் அரசி தெரெசை, அவள் காதலியை வதைப்பதாக அச்சுறுத்திக் குளோக்டா பணியவைக்கின்றான். அதனைப் படித்த பின்னரும் அவன் தலைமைப் பதவியும் மனைவியும் பெற்றமை எனக்கு நிறைவே தந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

குளோக்டா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆபர்குரோம்பியும் அவன் பொருட்டு வழக்காடவில்லை. வழங்கியவர் நாமே. இரக்கம் யார்க்கும் உரியது. பொறுத்தலோ வதைபட்டவர்க்கு மட்டுமே உரியது. ரூஸின் சார்பில் பொறுக்க எனக்கு உரிமை தந்தவர் யார்? கற்பனைப் பாத்திரத்திற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். குற்றம் இழைத்தவரின் இளமைக்கால வறுமையை நாளிதழில் படித்து நெகிழும் நாம், அவரால் துன்புற்றவரின் இளமையைத் தேடிப் படிக்கின்றோமா?

மூன்று நூல்களும் முடிந்தபின் ரூஸ் வதைபடும் இயலை மீண்டும் படித்தேன். குளோக்டாவின் எள்ளலுக்கு முன்பு சிரித்த இடங்கள் நினைவிலிருந்தன. ரூஸின் பெயர் நினைவில் இல்லை.