செய்யாமையும் அதன் பலனும்

பிள்ளைகள் தூர தேசங்களில் குடியேறிவிட, வயோதிகத் தம்பதிகள் மாத்திரம் வசிக்கும் வீடுகளில், கல்யாணத்திற்கோ வைத்தியரிடத்திற்கோ செல்வதற்காக எப்போதோ ஒருமுறை வெளியே எடுக்கப்படும் மோட்டார் வண்டி மற்ற நாட்களெல்லாம் கொட்டகையில் நின்றுகொண்டிருப்பது இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. அத்தகைய வண்டியைக் கிளப்பும்போது, எண்ணெயின் அழுத்தம் போதாமையை அறிவிக்கும் சிவப்பு விளக்கு, தினந்தோறும் ஓடும் வண்டியில் எஞ்சின் பிடித்த மாத்திரத்தில் அணைவதுபோல் அணையாமல், சில விநாடிகள் எரிந்துகொண்டே நிற்கும். உள்ளே உலோகம் உலோகத்தைத் தட்டும் ஓசை எழும். பிறகு ஓசையும் அடங்கி விளக்கும் அணையும். பட்டறைக்காரர்கள் இதனை, ஆயில் ஏறவில்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சொந்தக்காரர் மனம் அவ்வளவில் சமாதானம் அடைவதில்லை. கரடுமுரடான பாதையில் ஓட்டவில்லை, பாரம் ஏற்றவில்லை, ஒரு தீங்கும் செய்யவில்லை. சும்மா நின்ற வண்டிக்குக் கேடு எவ்வாறு வந்தது என்று அவர் கேட்கிறார்.

இக்கேள்வி நம் தேசத்தில் மிகப் பழையது. வேதவிதிகளை ஆராய்ந்த பூர்வ மீமாம்ஸகர்கள், சுவர்க்கம், புத்திரன், செல்வம் முதலியவற்றைக் கோரிச் செய்யும் காம்ய கர்மங்களையும், சந்தியாவந்தனம்போல் நாள்தோறும் செய்தே தீரவேண்டிய நித்திய கர்மங்களையும் வேறுபடுத்தி, முன்னவற்றைச் செய்யாதவன் அந்தந்தப் பலனை இழப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது என்றும், பின்னவற்றைச் செய்வதனால் தனிப்பட்ட பலன் ஒன்றும் கிடையாதெனினும் செய்யாது விட்டால் பிரத்யவாயம் என்னும் தோஷம் வந்து சேரும் என்றும் கூறினார்கள். திருவள்ளுவரும் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில், தகாத காரியத்தைச் செய்வதால் வரும் அழிவோடு தக்க காரியத்தை விடுவதால் வரும் அழிவையும் ஒரே குறளில் வைத்துப் பேசுகிறார். இந்த விசாரம் பூணூல் அணிந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. திருநீறணிந்து ஐந்தெழுத்து ஓதும் சைவர், ஐவேளைத் தொழுகையுடைய முஸ்லிம், இரவில் குடும்பமாகக் கூடி ஜெபமாலை சொல்லும் கத்தோலிக்கர் ஆகிய யாவருக்கும், விட்டுப்போன ஒரு நாளைப் பற்றிய உறுத்தல் ஒன்றே.

மீமாம்ஸகர்களின் இந்தக் கொள்கையைச் சங்கராசாரியர், தைத்திரீயோபநிஷத்து பாஷ்யத்தின் முகவுரையிலும், கர்மத்தில் அகர்மத்தைக் காண்பதைப் பற்றிய கீதை சுலோகத்தின் வியாக்கியானத்திலும் மறுத்திருக்கிறார். செய்யாமை என்பது ஓர் இன்மை. தோஷமோ உளதாகிய ஒரு பொருள். இன்மையிலிருந்து உளதாகிய ஒன்று பிறக்கும் என்று ஒப்புக்கொண்டால் காரண காரிய நியமமே நிலைகுலைந்துவிடும் என்பது அவர் ஆட்சேபம். அப்படியானால் செய்யாமையை நிந்திக்கும் ஸ்மிருதி வாக்கியங்களுக்குப் பொருள் என்னவெனில், முற்பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் துரிதங்கள் என்னும் பாபங்கள் தலையெடுக்கப் போகின்றன என்பதற்கு அது ஓர் அடையாளமே அன்றி, அவற்றை உண்டாக்கும் காரணமன்று என்கிறார். இந்த வாதத்தை முதன்முதல் படிப்பவருக்கு இது வெறும் தர்க்க சாமர்த்தியமாகத் தோன்றக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நின்ற வண்டியின் உள்ளே என்ன நடக்கிறதென்று நிதானமாகப் பார்க்கும் எவரும் ஆசாரியரின் பக்கமே சாய்வர் என்று நினைக்கிறேன்.

எஞ்சினின் அடித்தொட்டியில் சாதாரணமாக 3 அல்லது 4 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. எஞ்சின் சுழலும்போது அதனோடு பிணைக்கப்பட்ட பம்பு இவ்வெண்ணெயை ஒரு சல்லடை வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் செலுத்தி, அங்கிருந்து உலோகத்தில் குடையப்பட்ட நுண்வழிகளின் மூலம் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளுக்கும், உச்சியில் வால்வுகளை இயக்கும் உறுப்புகளுக்கும் ஏற்றுகிறது. எஞ்சின் நின்றவுடன் பம்பு நின்றுவிடுகிறது. பூமியின் ஆகர்ஷண சக்தியோ நிற்பதில்லை. மேலே ஏறிய எண்ணெய் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் சிறிது சிறிதாக வழிந்து தொட்டிக்கே திரும்புகிறது. அவ்வாறு திரும்பாமல் தடுக்க ஃபில்டரில் ரப்பரால் ஆன ஒரு மடிப்பு வால்வு உண்டெனினும், அது வயதாகி இறுகிப்போனால் எண்ணெயைத் தாங்காது. அப்போது வண்டியைக் கிளப்பினால், பம்பு முதலில் காலியான ஃபில்டரை நிரப்பி, பிறகு வறண்ட வழிகளை நிரப்பி, அதன் பின்னரே பேரிங்குகளை அடைந்து அழுத்தத்தைக் காட்ட முடியும். பல வண்டிகளில் சதுர அங்குலத்திற்கு 5 முதல் 7 ராத்தல் வரை அழுத்தம் ஏறினாலொழிய விளக்கு அணையாது. அளவுக் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் சிறிதும் குறைந்திராது. எல்லாம் இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை.

ஆகவே, ஒரு மாதம் நின்றதனால் எந்த உலோகமும் தேயவில்லை. தேய்வு நேர்வது மறுபடி சுழலத் தொடங்கும் அந்தச் சில கணங்களில்தான். எண்ணெயைக் கீழே இறக்கியதும் செய்யாமை என்னும் இன்மையன்று, என்றும் ஓயாத ஆகர்ஷணம் என்னும் உண்மையான சக்தி. தினமும் ஓடிய காலத்திலும் அது இறக்கிக்கொண்டேதான் இருந்தது. ஓட்டம் அன்றன்று அதனை ஈடுசெய்து வந்தது. இவ்விடத்தில் நியாய சாஸ்திரிகளாகிய நையாயிகர்களின் ஒரு நுட்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரதிபந்தகம், அதாவது தடை, இல்லாமையையும் அவர்கள் காரண சாமக்கிரி என்னும் காரணத் தொகுதியில் ஓர் அங்கமாக வைத்தார்கள். நாள்தோறும் செய்யும் அனுஷ்டானம், மனத்தைக் கீழே இழுக்கும் பழைய வாசனைகளுக்கு ஒரு பிரதிபந்தகம். அதனை நிறுத்தியபோது நாம் தோஷத்தைப் படைக்கவில்லை, ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு வழிவிட்டோம். காரணம் எது என்ற விசாரத்தில் ஜயம் சங்கரருக்கு. ஆயினும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், மீமாம்ஸகர்கள் காக்க விரும்பிய நியதியே நிலைபெறுகிறது.

நித்திய கர்மத்திற்குத் தனிப் பலன் இல்லை என்ற வார்த்தையே அநேகருக்கு அதில் சிரத்தை குறையக் காரணமாயிருக்கிறது. எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்டறிந்த வரலாறு இதற்கு அபூர்வமான வெளிச்சம் தருகிறது. இங்கிலாந்தில் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பொருட்டு 1883ஆம் ஆண்டையொட்டிப் பரிசோதனைகள் நடத்திய போஷாம்ப் டவர், ரயில் வண்டிகளில் உள்ளதைப் போன்ற பேரிங்கின் உச்சியில் ஒரு துவாரம் இட்டபோது, அதன் வழியாக எண்ணெய் பொங்கிவரக் கண்டு, அதனை அடைத்துப் பார்த்தார். அடைப்பு வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தினார், பேரிங்கின் மேல் வைத்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்திற்கு 100 ராத்தலே ஆகவும், மானி 200 ராத்தலையும் கடந்தது. அங்கே எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தும் பம்பு ஏதும் இல்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதன் கணிதத்தை விளக்கினார்: சுழலும் அச்சு தன் சுழற்சியினாலேயே எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்து, ஆப்பு வடிவான ஒரு படலமாக்கி, அப்படலத்தின் மீது தானே மிதக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. மோட்டார் வண்டியிலும் பம்பின் கடமை எண்ணெயைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. பாரத்தைத் தாங்கும் பெரும் அழுத்தம் அச்சின் சொந்தச் சுழற்சியில்தான் பிறக்கிறது. சாஸ்திரமும் குருவின் உபதேசமும் நமக்கு வந்து சேர்பவை. அவை வராவிட்டால் எவ்வளவு சுழன்றும் வறட்சியே மிஞ்சும். வந்து சேர்ந்த பின்னரோ, துக்கத்தின் பாரத்தை ஏற்கும் மெல்லிய படலம் நாம் அவற்றில் தினமும் பழகும் பழக்கத்தினாலன்றி உண்டாவதில்லை. அப்படலம் வண்டிக்கு ஒரு குதிரைச் சக்தியையும் கூட்டித் தருவதில்லை. ஒரு மைல் தூரத்தையும் அதிகப்படுத்துவதில்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. பலன் என்று எடுத்துக் காட்ட ஒன்றுமில்லாத இந்தப் பொருளே, இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காக்கிறது. பலன் இல்லை என்று நித்திய கர்மத்தைப் பற்றிப் பெரியோர் சொன்னதை நான் இவ்விதமாகவே பொருள் கொள்கிறேன்.

விட்டவர் திரும்பி வருவது எப்படி? அனுபவமுள்ள ஓட்டுநர், நெடுநாள் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் ஆக்ஸிலேட்டரை மிதித்து ரேஸ் பண்ண விடமாட்டார். விளக்கு அணையும்வரை எஞ்சினைத் தன்போக்கில் விட்டு, சில விநாடிகளுக்கு மேலும் அது எரியுமானால் உடனே நிறுத்தி, எண்ணெயின் அளவையும் ஃபில்டரையும் பம்பையும் பார்க்கச் சொல்வார். பல மாதம் நின்றதாயின், தீப்பொறி இணைப்பைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரினால் மாத்திரம் சற்றுச் சற்றாகச் சுழற்றி எண்ணெயை ஏற்றிய பிறகே எஞ்சினைப் பிடிக்க விடுவதும் உண்டு. வருஷக்கணக்காகப் பூஜையறையைத் திறவாதவர்கள், யாரோ ஒருவர் பிரசங்கத்தைக் கேட்ட வேகத்தில், ஒரு மண்டலம் உபவாசமும் லட்ச ஜபமும் என்று சங்கற்பித்துக்கொண்டு, பத்து நாளில் உடல் சோர்ந்து, மனம் கசந்து, முன்னிலும் தூரமாய்ப் போய்விடுவதை நாம் பார்க்கிறோம். பத்து காயத்ரியாவது சொல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததில் இருந்த கருணையையும் சூக்ஷ்ம புத்தியையும் இக்காலத்து உபதேசிகள் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான அபாயம் ஒன்றும் உண்டு. வாரத்திற்கு ஒருமுறை கொட்டகையிலேயே 5 நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து, சூடேறாத அடித்தொட்டியில் குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் அதனோடு சேர்ந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது. அரைமணி நேரமாவது பாதையில் ஓடி எண்ணெய் நன்கு காய்ந்தால்தான் இவை ஆவியாகிப் போகும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலும் மெலிந்து, அழுத்தம் இன்னும் குறையும். விடாமல் செய்கிறேன் என்ற திருப்திக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முணுமுணுக்கும் ஜபம், விட்டுவிட்ட ஜபத்தைக் காட்டிலும் உள்ளத்தைக் கெடுக்கவல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. விட்டவனுக்காவது விட்டோம் என்ற நினைவு இருக்கிறது. அளவு சிறியதாயிருப்பது குற்றமன்று. உள்ளம் சூடேறாமலே எழுந்துவிடுவதுதான் குற்றம்.

சங்கரர் அந்த வாதத்தை எழுதியது யாருக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்வ கர்மங்களையும் விதிப்படி துறந்த சந்நியாசிக்கு, துறந்ததனாலேயே பாபம் வரும் என்ற ஆட்சேபத்தினின்று அவனைக் காப்பது அவர் நோக்கம். சந்நியாசி தன் அக்கினிகளைத் தன்னுள்ளே ஏற்றுக்கொள்ளும் கிரியை ஒன்றைச் செய்த பின்னரே வெளியக்கினியை விடுகிறான். வண்டியை வருஷக்கணக்கில் நிறுத்திவைக்க நினைப்பவரும், அழுக்கெண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றி, ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் நனைத்த பிறகே மூடிவைக்கிறார். மோகத்தினால் விடுவது தாமஸம், தேக சிரமத்திற்கு அஞ்சி விடுவது ராஜஸம் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தையே வகுத்துக் காட்டுகிறது. இவ்வளவும் இருக்க, செய்யாமையால் தோஷமில்லை என்று ஆசாரியரே சொல்லிவிட்டார் என அவருடைய வாக்கைத் தம் சோம்பலுக்குத் துணையாக எடுத்துக்கொள்ளும் கிருகஸ்தர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.