கேட்டதெல்லாம் கடன் ஆகுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இருந்த கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "சாமி, இதை எடுக்கவும் பயமா இருக்கு, எடுக்காம இருக்கவும் பயமா இருக்கு" என்றார். நடந்ததை அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். அவர் யாரென்று ஆராய்வதை விட்டுவிடுங்கள். அவர் வீட்டுக் கதை உங்களில் பலர் வீட்டுக் கதையும்தான்.

அந்த அம்மாள் காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். மகளிர் குழு வழியாக ஒரு கடன் வாங்கியிருந்தார். வாரத் தவணை 1,150 ரூபாய். காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு வாரம் கட்டவில்லை. அதை மறைக்காமல் அவரே சொன்னார். ஆனால் அவர் கட்டிய தவணைகளில் வேறு நான்கு, கம்பெனிக் கணக்கில் ஏறவே இல்லை. பணம் வாங்கிப் போன பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அந்த நான்கில் இரண்டுக்கு அட்டையில் அவன் கையெழுத்து இருக்கிறது, இரண்டுக்கு இல்லை. இதற்குள் பாக்கியை வசூலிக்கும் வேலை மலைக்குக் கீழே உள்ள ஓர் ஏஜென்சியின் கைக்குப் போய்விட்டது. அவர்கள் கேட்டது 11,640 ரூபாய். ஆறு தவணைக்கு 6,900. மீதி 4,740 "சார்ஜ்". என்ன சார்ஜ் என்றால் பதில் இல்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றால், "முதலில் கட்டு, பிறகு பேசு" என்பார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, இவர்களோடு சண்டை எதற்கு? முடிந்ததைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்றேன். பெரிய ஞானத்தைச் சொல்லிவிட்டதாக எண்ணி, ஆசீர்வாதமும் கொடுத்து அனுப்பினேன். அவர் கம்மலை அடகு வைத்து 4,000 ரூபாய் கட்டினார். பத்து நாள் போன் வரவில்லை. பதினோராம் நாள் வந்தது. "4,000 கட்டினாயே, கடனை ஒப்புக்கொண்டாய் என்றுதானே அர்த்தம்? மீதி 7,640 எப்போது?"

பிரியமானவர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நியாயமாக அந்த அம்மாள் தர வேண்டியது, காய்ச்சலில் தவறிய இரண்டு தவணை, 2,300 ரூபாய். என் பேச்சைக் கேட்டு அதற்கு மேலும் 1,700 கொடுத்துவிட்டார். நான் உபதேசித்தது சமாதானமா, கோழைத்தனமா?

குருமடத்தில் நீதியைப் பற்றிப் படித்தபோது, அவனவனுக்கு உரியதை அவனவனுக்குக் கொடுக்கும் உறுதியான மனமே நீதி என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிப்பதைக் கற்றோம். உரியதைக் கொடுப்பது என்பதை மட்டுமே நாம் ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். எது உரியது என்று முதலில் தெரிய வேண்டாமா? தெரியாமல் கொடுப்பது நீதியாகாது. பயந்து கொடுப்பது தர்மமும் ஆகாது. பழைய நீதி நூல்களில் இன்னொரு விதியும் உண்டு. வழக்கில் ஐயம் இருந்தால், பொருளைக் கையில் வைத்திருப்பவர் பக்கமே நியாயம் சாயும். கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்து இல்லாத அந்த இரண்டு தவணைகளைப் பற்றி வெளியாருக்கு ஐயம் இருக்கலாம். கொடுத்த கைக்கு ஐயம் இல்லையே.

"ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சேசுநாதர் சொல்லவில்லையா, சாமி?" என்று ஒருவர் கேட்டார். சொன்னார், மெய்தான். என் உரிமையை நானே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது புண்ணியமாகலாம். ஆனால் ஓர் ஏழைத் தாயின் உரிமையை, அவள் பிள்ளைகளின் சோற்றை, நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விட்டுக்கொடுத்தேனே, அது எந்தப் புண்ணியத்தில் சேரும்? மறு கன்னம் அவளுடையது. அதைக் காட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

கணக்கு ஒருவர் கையிலும் கடன் மற்றவர் தலையிலும் இருப்பது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவரைத் "துண்டு" என்ற ஒரு சீட்டு கட்டி வைத்திருந்தது. வழிச்செலவு, சாப்பாடு, முன்பணம் என்று கங்காணி எழுதியதெல்லாம் கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனால், புதிய துரை பழைய கடனை அடைத்துச் சீட்டை வாங்கிக்கொள்வார். தொழிலாளி சீட்டின் பின்னாலே போவான். எவ்வளவு கடன், ஏன் கடன் என்று அவனுக்குத் தெரியாது. 1921-ல் அந்த முறையை ஒழித்தார்கள். இங்கே இந்தியாவிலோ, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனைச் சிறைக்கு அனுப்ப 1859-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. 1925-ல்தான் அதை நீக்கினார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்து, 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். வாங்கிய முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டிவிட்ட விவசாயிக்கு, அத்தோடு கடன் தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். ஏட்டில் எழுதிய தொகை எல்லாம் கடன் ஆகிவிடாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகும், நாம் மட்டும் போனில் ஒரு குரல் சொன்ன தொகைக்கு நடுங்குகிறோம்.

வெட்கமே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுமே, குழுப் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். அது நல்ல குடும்பத்தாருக்கே அதிகம். அதை அந்த ஏஜென்சிக்காரரும் அறிவார். உபாகமத்தில் ஓர் அழகான கட்டளை இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக் கூடாது; வெளியே நிற்க வேண்டும்; கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். கடன்பட்டாலும் வீடு அவனுடையதுதான், வாசற்படி அவனுடையதுதான். இப்போது கைப்பேசி அந்த வாசற்படியைத் தாண்டி அடுக்களைக்குள்ளேயே வந்துவிடுகிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் இத்தகைய குழுக் கடன் வசூல்காரர் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உற்றார் உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவிட்டது. ஏஜென்சி செய்யும் தவறுக்குக் கடன் கொடுத்த கம்பெனியே பொறுப்பு.

நிற்க. இதைப் படித்துவிட்டு, "இனி யாருக்கும் ஒன்றும் கட்ட வேண்டாம், சாமியே சொல்லிவிட்டார்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஏழாம் கற்பனை கடன் கொடுத்தவனுக்காகவும் இருக்கிறது. நீங்கள் கட்டாததை மற்றக் குழுப் பெண்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டுகிறார்கள். அந்தத் தாயார் காய்ச்சலில் தவறிய இரண்டு தவணைகளைத் தாமே சொன்னாரே, அதனால்தான் மற்ற நான்கைப் பற்றி அவர் சொல்வதை நான் நம்புகிறேன். "கணக்கைக் காட்டு" என்று கேட்குமுன் நம் கணக்கை நாமே உண்மையாகப் பார்க்க வேண்டும்.

வசூல் வேலைக்குப் போகும் நம் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கமிஷனுக்காக வேலை செய்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்களே சரிபார்க்காத ஒரு தொகையை ஒரு விதவையிடம் அதட்டிக் கேட்டு வாங்கினால், "மேலதிகாரி சொன்னார்" என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எடுபடாது.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றால், ஏஜென்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டு, கடன் கொடுத்த கம்பெனிக்கே கடிதம் எழுதினோம். தேதி, தொகை, அட்டையின் நகல் எல்லாம் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். கட்டியதெல்லாம் போக 1,700 ரூபாய் அதிகம் வந்துள்ளது, இல்லையென்றால் எழுத்தில் கணக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. மிரட்டல் வந்தால் ஏற்காடு போலீஸ் நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தொகையில் தகராறு இருக்கும்போது, கடனை ஒப்புக்கொள்வதாக எதிலும் கையெழுத்திட்டுச் சிறுதொகை கட்டிவிடாதீர்கள். கெடு முடியுமுன் அப்படிச் செய்தால், வழக்குத் தொடர உள்ள மூன்று வருஷம் அன்றிலிருந்து மறுபடி தொடங்கும் என்பது 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம்.

அசட்டையாகத் தவறான யோசனை சொல்லிப் பிறனுக்கு நஷ்டம் வருவித்தவன் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்றும் குருமடத்தில் படித்தேன். 1,700 ரூபாயை ஓர் உறையில் வைத்து அந்த அம்மாளிடம் கொடுத்தேன். "வேண்டாம் சாமி, கம்பெனி கொடுக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உறை இன்னும் என் மேசையில் இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் குழுக் கடன் அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

உங்கள் பங்குச் சுவாமியார்