மழையைத் தருகிறவர் யார்?

(அப்போஸ்தலர் 14:8-20)



லீஸ்திரா என்ற ஊர் இன்றைய துருக்கி தேசத்தில், கோன்யா பட்டணத்துக்குத் தெற்கே இருந்தது. அங்கே பிறவிச் சப்பாணி ஒருவன் பவுலின் சத்தத்தைக் கேட்டு குதித்தெழுந்து நடந்தான். ஜனங்கள் என்ன செய்தார்கள் பாருங்க! பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லி, எருதுகளோடும் பூமாலைகளோடும் வந்து நின்றார்கள்.

யார் இந்த யூப்பித்தர்? அது ரோமர் வைத்த பேர். கிரேக்கர் ஜீயஸ் என்பார்கள். வானமும் மேகமும் மழையும் அவன் கையில், கோபம் வந்தால் இடியை எறிவான் என்று நம்பினார்கள். ஓவித் என்ற ரோமக் கவிஞன், பவுல் அங்கே போவதற்குச் சுமார் 40 வருஷம் முன்னே ஒரு கதை எழுதினான். யூப்பித்தரும் மெர்க்கூரியும் மனுஷ வேஷத்தில் பிரிகியா நாட்டில் வீடு வீடாகப் போனார்களாம். ஒரு ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் சோறு போட்டார்களாம். மற்ற வீடெல்லாம் தண்ணீரில் மூழ்கிப்போச்சாம். இப்படிப்பட்ட கதைகள் உலாவிய சீமையில் வானத்தைப் பார்த்தாலே பயம் வராதா?

பவுல் அவர்களைத் திட்டினாரா? இல்லை! வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களைப்போல மனுஷர்தான் என்றார். 17-ம் வசனத்தை வாசியுங்கள். ஜீவனுள்ள தேவன், தம்மை அறியாத ஜனத்துக்கும் மழையும் விளைச்சலும் மனசந்தோஷமும் கொடுத்துவந்தார். அந்த நன்மையே அவருடைய சாட்சி!

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் ஜில்லாவில் ஊர் ஊராகத் தண்ணீர். இப்படி நடக்கும்போது, "கர்த்தர் இந்த ஊரை அடிச்சிட்டாரு, அவங்க பாவம்தான்" என்று பேசுகிற விசுவாசிகள் உண்டு. அப்படிப் பேசாதீங்க! அது யூப்பித்தர் கதை. தண்ணீர் புகுந்த வீடுகளில் ஜெபிக்கிற வீடும் இருந்ததே! நம்ம பனமலை ஏரி நிரம்பினா விசுவாசி வயலுக்கு மட்டுமா தண்ணி பாயுது? மத்தேயு 5:45 என்ன சொல்லுது?

அடுத்த மழையில் பக்கத்து வீட்டில் அடுப்பு எரியலேன்னா, நியாயம் பேசாமல் ஒரு படி அரிசியோடு போங்க. அதுதான் பிரசங்கம்.

மாலை போட வந்த அதே ஊரில் பவுல்மேல் கல் விழுந்தது. செத்தான் என்று வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்தார், அதே ஊருக்குள் திரும்பிப் போனார்! சாபமிடவில்லை. பிற்பாடு அந்த ஊரிலிருந்துதான் தீமோத்தேயு வந்தான். அல்லேலூயா!

ஜெபம்: மழையின் தேவனே, பயமுறுத்தும் நாவை எங்களைவிட்டு எடுத்துப்போடும். கொடுக்கிற கையைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.